நெடுந்தொலை முப்போட்டி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. இடையில் பேரளி முதலிய ஊர்கள். சாலையின் இருமருங்கும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலம். பேருந்தில் ஏறி அமர்ந்தவர் ஒரு சிறு உறக்கம் முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அந்த வழியில் ஒருவர் மிதிவண்டியேறி மூன்று முறை சென்று மூன்று முறை திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 180 கிலோமீட்டர் ஆகிறது. வண்டியேறுவதற்கு முன்பே அவர் 20 மீட்டர் அகலமுள்ள பெரிய பாசனக் கிணறு ஒன்றை 193 முறை குறுக்காக நீந்திக் கடந்திருக்கிறார். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் படுக்கப் போகவில்லை. காலணியை மாற்றிக்கொண்டு மீண்டும் அரியலூர் நோக்கி ஓடத் தொடங்குகிறார். அரியலூரிலும் நிற்கவில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூருக்குச் செல்லும் சாலையில் மேலும் 12 கிலோமீட்டர் ஓடி, அங்கேதான் நிற்கிறார். இவ்வளவும் ஒரே நாளில், 17 மணி நேரத்திற்குள்.

இதுவே நெடுந்தொலை முப்போட்டி. மேலைநாட்டார் டிரையத்லான் என்பர். மும்முனைப் போட்டி என்று மொழிபெயர்த்தால் நம் நாட்டில் தேர்தல் நினைவுதான் வரும். ஆதலின் முப்போட்டி என்றே வழங்குவோம். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்பது இதன் முழு அளவு. இதனைப் பணத்திற்காகச் செய்வோர் உலகில் மிகச் சிலரே. போட்டியன்று காலையில் நீரில் இறங்குவோருள் பெரும்பாலோர் ஆசிரியர், எழுத்தர், மருத்துவர், பொறியாளர், வணிகர் போன்றோர். மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அமெச்சூர் என்று அவர்களைச் சொல்கிறோம். அச்சொல் இலத்தீனில் அன்பு கொள்ளுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஒன்றை அதன்மேலுள்ள விருப்பத்தினாலேயே செய்பவர் என்பது அதன் உட்பொருள்.

போட்டி பிறந்த கதையும் அமெச்சூர்களின் கதையே. பசிபிக் பெருங்கடலில் ஹவாயித் தீவுகளுள் ஒன்றாகிய ஓவாஹுவில் 1977ஆம் ஆண்டு ஓர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பின்போது, நீச்சல்காரர் உடலுறுதி மிக்கவரா, ஓட்டக்காரர் மிக்கவரா என்று வாதம் எழுந்தது. ஜான் காலின்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மிதிவண்டி வீரரையும் வாதத்தில் சேர்த்தார். பெல்ஜிய நாட்டு மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸின் உடல் பிராணவாயுவை ஏற்கும் அளவு மற்றெவரையும்விட மிகுதி என்று அவர் படித்திருந்தார். அத்தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த கடல்நீச்சல், தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணம், மாரத்தான் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிவிடுவோம். முதலில் முடிப்பவர் இரும்பு மனிதர் என்று அழைக்கப்படட்டும் என்றார். வாதம் தீர்க்க வந்த வேடிக்கை என்றே பலர் எண்ணியிருப்பர். ஆயினும் 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார்.

அன்று ஹாலருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தவர் ஜான் டன்பார் என்னும் இளைஞர். அவருடைய துணைவரிடம் குடிநீர் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி அவருக்கு பீர் கொடுத்தனர். முதலிடம் கைநழுவிற்று. இதனைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இப்போட்டியின் மறைபொருள் முழுவதும் இந்த நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. கால் வலிமையினால் மட்டும் இது முடிவாவதில்லை. உண்டது, குடித்தது, செலவழித்தது, மிச்சம் பிடித்தது என்னும் வரவுசெலவுக் கணக்கே இதனை முடிவு செய்கிறது. அடுத்த ஆண்டில், 1979இல், லின் லெமேர் என்னும் பெண்மணி முதன்முதலாக இதில் இறங்கி, ஆடவரும் சேர்ந்த வரிசையில் ஐந்தாமவராக முடித்தார். பெண்ணுக்கு இது இயலுமா என்னும் கேள்வி தொடக்கத்திலேயே விடைபெற்றுவிட்டது.

அந்த வரவுசெலவுக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முழுத் தொலைவையும் முடிக்க ஒருவர் செலவிடும் ஆற்றல், உடல் எடைக்கும் வேகத்திற்கும் ஏற்ப, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோகலோரி வரை ஆகும். நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பதோ ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோகலோரிதான். மீதி எங்கிருந்து வரும்? கொழுப்பிலிருந்து வர வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒல்லியான இளைஞர் ஒருவர் உடலில் எட்டுக் கிலோ கொழுப்பு இருக்குமாயின், அது அறுபதாயிரம் கிலோகலோரி இருப்பாகும். செல்வம் ஏராளம், ஆனால் அதை எடுத்துச் செலவிடும் வாயில் குறுகியது.

ஏரிப் பாசனம் அறிந்த நமக்கு இதனை விளக்குவது எளிது. கிளைக்கோஜன் ஏரி நீர் போன்றது. மதகைத் திறந்தால் பாய்ந்து வரும். ஏரியும் விரைவில் வற்றும். கொழுப்பு கிணற்று ஊற்றுப் போன்றது. மெல்லத்தான் சுரக்கும்; ஆனால் கோடையிலும் கைவிடாது. மூச்சு முட்ட விரைந்து செல்லும்போது உடல் பெரும்பாலும் ஏரி நீரையே இறைக்கிறது. நிதானமாகச் செல்லும்போது ஊற்று நீரும் பெரும்பங்கு வந்து கலக்கிறது. காலையில் உற்சாகத்தில் மதகை முழுவதும் திறந்துவிட்டவர், பிற்பகலில் வெறும் ஏரியின் நடுவே நிற்பார். அப்போது கால்கள் ஈயக் குண்டுகளாகின்றன, கண் மங்குகிறது, மனம் சோர்கிறது. விதைநெல்லைக் குத்தித் தின்றவன் ஆடியில் படும் பாடுதான்.

நிதானம் எது என்று எப்படி அறிவது? கருவிகள் பல உண்டு. அவற்றினும் எளிய அளவுகோல், பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடிகிறதா என்பதே. பேச முடிந்தால் ஊற்று சுரக்கிறது. இரண்டு சொல்லுக்கொரு முறை மூச்சு வாங்கினால் ஏரி வற்றத் தொடங்கியது. பல மாதப் பயிற்சி செய்வதும் பெரும்பாலும் இதனையே. தசை நுண்ணறைகளில் மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் உலைகள் பெருகுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதியன தோன்றுகின்றன. முன்பு மூச்சுமுட்டிய அதே வேகம் இப்போது பேச்சுக்கு இடம் தருகிறது. இந்த மாற்றம் நாள் கணக்கில் வருவதன்று. மாதக் கணக்கில் வருவது.

இனி நீச்சலுக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தவை பாறையை வெட்டித் தோண்டிய பெருங்கிணறுகள். தமக்கையோ மாமனோ இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட, தத்தளித்துக் கரையேறியவர்கள் எத்தனையோ பேர். அந்த நீச்சலில் அஞ்சாமை உண்டு; ஆனால் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. தலை மேலே போனால் கால் கீழே போகும். உடல் சாய்ந்து, நீரைக் கிழித்துச் செல்வதற்கு மாறாக நீரைத் தள்ளிக்கொண்டு போகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதனோடு மல்லுக்கு நின்று வென்றவர் இல்லை. முகத்தை நீருள் அமிழ்த்தி, உடலைப் பலகைபோல் கிடத்தி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மட்டும் மூச்சிழுக்கப் பழகியவர், பாதி உழைப்பில் அதே தொலைவைக் கடப்பார். நெடுந்தொலைவுக்கு வலிமையினும் இந்த நுட்பமே பெரிது.

மாணவ நண்பர்களே, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரியலூர் மண் பத்துக் கோடி ஆண்டு அளவில் கடலடியாய்க் கிடந்த மண். அக்கடல்வாழ் உயிர்களின் எச்சங்களை இன்றும் அங்கே எடுக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகிறது. கல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி நீலமாய் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் குதிக்கத் தோன்றும். பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளும் அவ்வாறே. இவற்றில் ஒருபோதும் பயிற்சி செய்யாதீர்கள். கிணற்றுக்குப் படி உண்டு. ஏரிக்குச் சரிந்த கரை உண்டு. இப்பள்ளங்களுக்கு இரண்டும் இல்லை. ஓரத்திலேயே ஆழம் தொடங்கிவிடும். செங்குத்தாக வெட்டிய சுவரில் களைத்தவர் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பும் இராது. மேல்நீர் வெதுவெதுப்பாயும் கீழ்நீர் குளிர்ந்தும் இருப்பதால் தசை இழுத்துக்கொள்வதும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இத்தகைய பள்ளங்களில் மாண்டிருக்கிறார்கள். தனியே நீந்துவதும் கூடாது. கரையில் ஒருவர், அவர் கையில் கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் இருக்க வேண்டும்.

திறந்த நீரில் நெடுந்தொலைவு செல்லும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பாக்கு நீரிணையை 1954இல் யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து நீந்திக் கடந்து கோடிக்கரையில் ஏறியவர் நவரத்தினசாமி. வழக்கறிஞராகிய வங்காளத்து மிகிர் சென், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 1966 ஏப்ரலில் 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தனோ 1971இல் அந்நீரிணையைப் போகவும் வரவும் கடந்தார். 51 மணி நேரம் ஆயிற்று. அதோடு நில்லாமல் 1979இல் கொழும்பில் 187 மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாது மிதிவண்டி செலுத்தினார். முப்போட்டி என்னும் பெயர் நம் பக்கத்தில் வழங்காத காலத்திலேயே அதன் இரண்டு பகுதிகளைத் தனித்தனியே இவ்வளவு தொலைவுக்குக் கொண்டு சென்ற தமிழர் அவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அதன் குளிர்நீரிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாற்பதைத் தொட்ட பருவம். எவ்வளவு தேர்ந்தவரையும் நீர் விலக்கு அளித்து நடத்துவதில்லை.

மிதிவண்டிப் பகுதிதான் நாளின் பெரும்பகுதியை விழுங்குவது. இதில் பகைவன் காற்று. சமநிலத்தில் காற்றை எதிர்ப்பதற்கு வேண்டிய ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு ஏறினால், கூடிய வேகம் கால் பங்குதான். காற்றுக்குக் கொடுக்கும் விலையோ ஏறத்தாழ இரு மடங்கு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்றை நம் மாவட்டத்தார் அறிவர். அக்காலத்தில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்வோர்க்கு மிதிவண்டி தானே உருளும். திரும்பி மேற்கு நோக்கி வரும்போது யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலிருக்கும். போகும்போது விட்ட நேரத்தை வரும்போது பிடித்துவிடலாம் என்று காற்றோடு வீம்புக்கு நிற்பவர் தம் ஏரியை அங்கேயே வற்றடிக்கிறார். எதிர்காற்றில் வேகம் குறையட்டும்; முயற்சி ஒரே அளவாக இருக்கட்டும். முன்னால் செல்பவரின் முதுகை ஒட்டி, அவர் கிழித்த காற்றில் ஒளிந்து செல்வதை நெடுந்தொலைப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது வழக்கமான விதி. சக்கரத்தில் காற்றுப் போனாலும் சவாரி செய்பவர் தாமே ஒட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

விலையுயர்ந்த அயல்நாட்டு மிதிவண்டிகளைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். சில இலட்சம் ரூபாய்க்கும் வண்டி உண்டு. காற்றுக்கு முகங்கொடுப்பதில் பெரும்பகுதி வண்டியன்று, அதன்மேல் இருக்கும் உடலே. முழங்கையை மடித்து, முதுகைத் தாழ்த்தி, இருக்கையைத் தம் கால் நீளத்திற்கு ஏற்ப உயர்த்தி அமர்வதற்குக் காசு வேண்டா. பதினோராம் வகுப்பில் அரசு விலையின்றி வழங்கும் மிதிவண்டி கனத்ததுதான். அதனால் கால்களுக்குப் பயிற்சி குறைந்துவிடப் போவதில்லை. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளை நினைவில் வைத்து, தலைக்கவசத்துக்கும் பின்விளக்குக்கும் முதலில் செலவிடுவது அறிவு.

வண்டியிலிருக்கும் நேரமே உண்ணும் நேரமும் ஆகும். குடல் ஒரு மணிக்கு ஏறக்குறைய 60 கிராம் குளுக்கோஸை ஏற்கும்; பழச்சர்க்கரையும் கலந்து கொடுத்துப் பழக்கினால் 90 கிராம் வரை ஏற்கும். அதற்கு மேல் திணித்தால் வயிறு மறுத்துவிடும். வெளிநாட்டில் பசைபோன்ற கூழை உறைகளில் அடைத்து விற்கிறார்கள். நம் வாழைப்பழமும் பேரீச்சையும் வெல்லமும் அதே வேலையைச் செய்யும். கடலை மிட்டாயில் எண்ணெய் மிகுதி, மெல்லச் செரிக்கும், ஆதலின் வண்டியின் முற்பகுதியில் மட்டுமே பொருந்தும். எதை உண்ணப் போகிறோமோ அதைப் பயிற்சி நாட்களிலேயே உண்டு வயிற்றுக்கும் பாடம் சொல்ல வேண்டும். போட்டியன்று புதிதாக ஒன்றைச் சுவைத்துப் பார்த்தவர்களைச் சாலையோரப் புதரருகே காணலாம்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் நம் நாட்டில் இந்தப் பேச்சே எடுக்கலாகாது. தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது. மற்ற மூன்று பங்கும் வெப்பமாக உடலுக்குள்ளேயே பிறக்கிறது. அதை வெளியேற்றும் வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஐந்நூற்றெண்பது கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தைக் கொண்டு போகும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சித்திரை, வைகாசியில் பெரம்பலூரில் அடிக்கும் வறண்ட வெயிலில் வியர்வை தோலிலேயே உலர்ந்துபோகும். வியர்க்கவேயில்லை என்று நினைப்பவர் உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கும். கடற்கரைப் புழுக்கத்திலோ வியர்வை ஆறாய் ஓடும், குளிர்ச்சி இராது. இரண்டும் இருவேறு வகை அபாயம்.

உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, கேட்டதற்குப் பொருந்தாத விடை சொல்லத் தொடங்கினால், அது களைப்பு அன்று, வெப்பத் தாக்கு. உயிர் போகும் நிலை. நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீர்த்தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லையேல் குடம் குடமாய் நீரை ஊற்றி விசிற வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கு ஊர்தி வரும் வரை காத்திராமல் அந்த நொடியிலேயே குளிர்விப்பதுதான் காப்பாற்றும். வெயிலுக்கு உடல் பழகும் என்பதும் உண்மை. பத்து முதல் பதினான்கு நாட்கள் சிறிது சிறிதாக வெயிலில் உழைத்தால், வியர்வை முன்னதாகவே சுரக்கும். அதில் உப்பு குறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். களையெடுப்பவர்க்கும் கல் உடைப்பவர்க்கும் இப்பழக்கம் உண்டு. விசிறிக்கடியில் படிக்கும் மாணவர்க்கு இல்லை.

நீர் வற்றினால் அபாயம் என்று கேட்டதும், குடம் குடமாய்க் குடித்துவிடுவோம் என்று சிலர் தொடங்குகிறார்கள். அதிலும் அபாயம் உண்டு. வெறும் நீரை அளவின்றிக் குடிப்பவர் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, மூளை வீங்கி, வலிப்பும் மயக்கமும் வந்து இறக்க நேரும். நெடுந்தூர ஓட்டக்காரரிடம் இதனைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் திமோதி நோக்ஸும் அவர்தம் துணைவரும் 1985இல் எடுத்துக்காட்டிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. வேட்கை எழும்போது குடிப்பதும், குடிப்பதில் உப்புச் சேர்ப்பதும் போதும். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் எலுமிச்சைச் சாறும் நம் வயல்வெளிகளில் எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே வழங்கி வருபவை. மோர் சிலருக்கு ஓட்டத்தில் புளித்து மேலெழும். அவர்கள் மற்றவற்றைக் கொள்க.

வண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் பத்து நிமிடம் விந்தையானது. கால்கள் தம்முடையவை அல்ல என்று தோன்றும். மிதிக்கும்போது தசை சுருங்குவது மட்டுமே நடக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைத் தாங்கித் தசை நீள வேண்டியிருக்கிறது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு நரம்பும் தசையும் மாற நேரம் பிடிக்கிறது. வாரத்திற்கு ஒரு முறையாவது வண்டியோட்டியவுடன் கால் மணி ஓடிப் பழகியவர்க்கு இது விரைவில் தெளியும். நடப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. நீர் வழங்குமிடந்தோறும் நடப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டவர், நடக்கவே மாட்டேன் என்று சபதம் செய்தவரைக் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் தாண்டிச் செல்வார்.

ஓர் அமெச்சூரின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீச்சல் ஒரு மணி 40 நிமிடம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 7 மணி 12 நிமிடம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடமாக ஓட்டம் 5 மணி 38 நிமிடம். உடை மாற்றவும் மூச்சு வாங்கவும் அரை மணி. ஆக 15 மணி நேரம். இவற்றுள் எந்த ஒரு வேகமும் வியக்கத் தக்கதன்று. மூன்றையும் தொடுத்து, நடுவில் குலையாமல் வைத்திருப்பதுதான் அரிது. உலகின் தலைசிறந்த வீரர்கள் எட்டு மணி நேரத்திற்குள் முடித்துவிடுகிறார்கள், அதுவேறு உலகம்.

காலக் கெடு என்பதன் கடுமையை ஒருவர் கதையால் அறியலாம். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனத்தில் செய்தியாளராய் இருந்து ஓய்வு பெற்ற ஹிரோமு இனாடா, அறுபது வயதில் நீச்சல் பழகி, எழுபதாவது வயதில் முதல் முப்போட்டியில் இறங்கினார். 2015இல் ஹவாயியின் கோனா நகரில், தம் 82ஆம் வயதில், எல்லைக்கோட்டருகே தடுமாறி விழுந்து எழுந்து கடந்தபோது கெடு முடிந்து ஐந்து விநாடி ஆகியிருந்தது. முடித்தவர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. 2018இல் மீண்டும் அங்கே வந்து, 85ஆம் வயதில் 16 மணி 53 நிமிடம் 50 விநாடியில் முடித்தார். 1982இல் ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி, தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் போட்டியில் சேர்ந்து, முதலாவதாக வந்துகொண்டிருக்கையில் எல்லைக்குச் சில முழம் முன்னே விழுந்து, தவழ்ந்து கோட்டைத் தொட்டு இரண்டாமிடம் பெற்ற காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டுதான் பலர் இப்போட்டியை அறிந்தனர். அக்காட்சியை வீரத்தின் உச்சமாகக் காட்டுவது வழக்கம். எனக்கோ அதைப் பார்க்குந்தோறும் ஏரியின் மதகுதான் நினைவுக்கு வருகிறது.

பயிற்சிக்கு வாரத்தில் பத்து முதல் பதினைந்து மணி நேரம் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேண்டும். அந்த நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. உறக்கத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ படிப்பிலிருந்தோ வருகிறது. உறக்கத்திலிருந்து எடுப்பது பெரும் பிழை. பயிற்சியின் பயன் உடலில் சேர்வது உறங்கும்போதுதான். இரவுக் காவலுக்குப் போகும் தந்தைக்குத் துணையாக வயலுக்கு நீர் பாய்ச்சும் மாணவன், விடியற்காலையில் ஓடவும் புறப்பட்டால் ஒரு மாதத்தில் நோயில் படுப்பான்.

முழுத் தொலைவுப் போட்டியில் பதினெட்டு வயது நிறையாதவரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பள்ளி மாணவர்க்கு ஏற்றது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட குறுந்தொலைப் போட்டி. நம் கணக்கில், அதே பாசனக் கிணற்றை 38 முறை கடப்பது. அரியலூர்ச் சாலையில் மூன்றில் இரண்டு பங்கு செல்வது. பிறகு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரை ஓடுவது. ஓரளவு பழகியவர் இரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிடலாம். கல்லூரிக்குச் சென்ற பின் இதன் இருமடங்கு. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பந்தயத்தில் சேர்ந்தது அந்த அளவுதான். அதற்கும் அப்பால் 113 கிலோமீட்டர் கொண்ட அரைத் தொலைவு. இரும்பு மனிதர் என்னும் பெயரில் அது நம் நாட்டில் கோவாக் கடற்கரையில் 2019 அக்டோபரில் தொடங்கியது. அரபிக்கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்பதால், கிணற்று நீச்சல் மட்டும் அறிந்தவர், அலையில் தலைதூக்கிக் குறி பார்க்கவும் உப்புநீர் வாயில் புகுந்தால் பதறாதிருக்கவும், தேர்ந்த ஒருவர் துணையோடு, ஒரு கோடை விடுமுறையாவது கடலில் பழகிக்கொள்ள வேண்டும்.